நடுக்கமூட்டும் ஏழு நூல்கள்: கோதிக் இலக்கிய ஆராய்ச்சி பற்றி ஒரு மதிப்பீடு

ஓர் இலக்கியத்தைக் கல்லாமலே இகழ்தல் எளிது. இகழ்ந்த பின்னர், அஃது இருந்ததே இல்லை என்று கூறிவிடுதல் அதனினும் எளிது. ஆங்கில இலக்கிய வரலாற்றில் இவ்விரண்டும் நிகழ்ந்துள்ளன.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் இயற்றிய ‘நார்த்தேங்கர் ஆபி’ என்னும் நாவலின் 6ஆம் அத்தியாயத்தில், இசபெல்லா என்னும் நங்கை தன் தோழி கேதரினுக்கு ஏழு கதைநூல்களின் பெயர்களை ஒப்பிக்கிறாள். அவை யாவும் நடுக்கமூட்டுபவைதாமா என்று தோழி ஆவலோடு கேட்கிறாள். ஆசிரியை மறைந்த பின், 1817ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாவல் வெளிவந்தது. ‘ரைன் நதிக்கரை அநாதை’, ‘நள்ளிரவு மணி’, ‘மர்ம எச்சரிக்கை’ என்று அடுக்கிச் செல்லும் அப்பெயர்களைக் கண்டு நகைத்த பிற்காலத்தார் பலர், அவையெல்லாம் ஆஸ்டின் கேலிக்காகப் புனைந்த பெயர்களே என்று கருதினர். உண்மையில் ஏழும் 1793க்கும் 1798க்கும் இடையே அச்சேறி, ஆயிரக்கணக்கானோர் கைகளில் தவழ்ந்த நூல்கள்!

கோத்தியர் என்போர் உரோமப் பேரரசின் இறுதிக் காலத்தில் அதனைத் தாக்கிய செர்மானிய இனத்தார். மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர், இடைக்காலக் கட்டடக் கலையைப் பண்பற்றது என்று பழிக்க அவ்வினத்தாரின் பெயரைப் பயன்படுத்தினர். வசைச் சொல்லாகப் பிறந்த அதனைக் கதைநூலுக்குப் பெருமையோடு சூட்டியவர் ஹொரேஸ் வால்போல். 1764 டிசம்பரில் அவர் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்னும் போர்வையில் வந்தது. 1765இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் அவர் போர்வையை நீக்கி, அதனைக் ‘கோதிக் கதை’ என்று அழைத்தார்.

விதை அங்கு விழுந்தது. விளைச்சலோ முப்பது ஆண்டுகள் கழித்துக் கண்டது. 1794இல் ஆன் ராட்கிளிப் அம்மையாரின் ‘உடால்போ மர்மங்கள்’ 500 பவுனுக்கு விலைபோயிற்று. ஆஸ்டின் தம் நாவலின் முதல் வடிவத்தை 1803இல் 10 பவுனுக்கு விற்றார் என்பதை இதனோடு ஒப்பிட்டால், கோதிக் கதைக்கு அன்றிருந்த செல்வாக்கு விளங்கும். விலை கொடுத்து நூல் வாங்க இயலாதவர்க்குச் சந்தா நூலகங்கள் துணைபுரிந்தன. லண்டனில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகம் அந்நூலகங்களுக்கென்றே கதைகளை அச்சிட்டுக் குவித்தது. இசபெல்லா கூறிய ஏழனுள் ஆறு மினர்வா வெளியீடுகளே.

பலர் கைபட்டு நைந்த நூலை யார் காப்பர்? அறிஞர்களோ அவற்றைக் குப்பை என்று ஒதுக்கினர். ஒரு நூற்றாண்டுக்குள் அவை மறைந்தன. அவற்றைத் தேடியெடுத்தவர்களுள் முதன்மையானவர் பதிப்பாளரும் நூல் சேகரிப்பாளருமான மைக்கேல் சாட்லியர். 1927இல் அவர் வெளியிட்ட சிறு வெளியீடு, ஏழு நூல்களின் ஆசிரியர்களையும் ஆண்டுகளையும் ஐயத்திற்கிடமின்றி நிறுவிற்று. அதே ஆண்டில் மாண்டேகு சம்மர்ஸ் அவற்றுள் இரண்டை மறுபதிப்புச் செய்தார். ஆஸ்டின் 1798 அக்டோபரில் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்திலேயே, நூலகத்திலிருந்து கொணர்ந்த ‘நள்ளிரவு மணி’யைத் தந்தையார் படித்துக்கொண்டிருப்பதாகக் குறித்துள்ளார். பாதிரியாராகிய தந்தை விரும்பிப் படித்த நூலைத்தான் பின்வந்தோர் மகளின் கற்பனை என்றனர்!

நூல்கள் கைக்கு வந்ததும் புலப்பட்டவை பல. ‘ஏழும் ஒரே அச்சில் வார்த்தவை’ என்னும் பழைய தீர்ப்பு நிற்கவில்லை. அவற்றுள் இரண்டு செர்மன் மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவை. ஆதலின், இவ்வகை தனி ஆங்கிலப் பயிர் அன்று என்பது தெளிவாயிற்று. மற்றிரண்டை எழுதியவர் எலிசா பார்சன்ஸ். கணவரின் தொழில் தீவிபத்தால் நொடித்து, அவரும் இறந்தபின், பெருங்குடும்பத்தைக் காக்க எழுதுகோலை எடுத்தவர் அவர். எழுத்தாளர்க்கு உதவும் நிதிக்கு அவர் விடுத்த வேண்டுகோள்களும் கிடைத்துள்ளன. பாழடைந்த கோட்டைகளையும் இருண்ட நிலவறைகளையும் வருணித்த அக்கை, கடன்காரர்க்கும் விடை எழுதவேண்டியிருந்தது. அவர் நூலைக் குப்பை என்று வீசியவர் இதனை அறிந்திருக்க வழியில்லை.

தேடியவர் பணிக்குப் பின் பொருள் காண்போர் பணி தொடங்கிற்று. இந்தியாவில் பிறந்து, பின்னர்க் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய தேவேந்திர வர்மா, 1957இல் ‘கோதிக் சுடர்’ என்னும் நூலை வெளியிட்டார். அறிவொன்றையே போற்றிய காலத்தில் மனிதன் தெய்விக வியப்பைத் தேடிய தாகமே இக்கதைகள் என்பது அவர் கருத்து. 1968இல் அவரே ஏழு நூல்களையும் ஒருங்கே பதிப்பித்தார். 1976இல் எல்லன் மோயர்ஸ், இவற்றுள் பெண்ணின் அச்சங்களே பேசுகின்றன என்றார். 1980இல் டேவிட் பண்டர், சமுதாயத்தின் மறைந்த அச்சங்களையும் வர்க்க முரண்களையும் அவற்றில் கண்டார். 1991இல் இத்துறைக்கென ஓர் அனைத்துலகச் சங்கமே தோன்றிற்று. இகழப்பட்ட நூல்கள் பல்கலைக்கழகப் பாடமாயின.

இந்தப் புகழ்ச்சியில் ஒரு தீங்கும் ஒளிந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் கிறிஸ் பால்டிக், ராபர்ட் மைகால் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை அதனைச் சுட்டிக்காட்டிற்று. ஆராய்ச்சியாளர் தம் காலத்து மனநூற் கொள்கையைக் கதைகளின்மேல் ஏற்றுகின்றனர். இக்கதைகளோ அடிமனத்து அச்சத்தைப் பாடியவை அல்ல, கத்தோலிக்கப் பழங்காலத்தின் கொடுமையிலிருந்து தாம் தப்பியதாக எண்ணிய புதுக்காலத்தாரின் பெருமிதத்தைக் கூறுபவை என்பது அவர்கள் வாதம்.

எது சரி? ‘உடால்போ மர்மங்க’ளையே உரைகல்லாகக் கொள்ளலாம். கோட்டை அறையொன்றில் கருந்திரையை விலக்கிய எமிலி மயங்கி விழுகிறாள். அவள் கண்டது பிணம் அன்று. அக்குடி முன்னோன் ஒருவன் திருச்சபையின் உரிமையை மீறியதற்குக் கழுவாயாக நாள்தோறும் நோக்குமாறு விதிக்கப்பட்ட மெழுகுருவம் என்று இறுதியில் தெரிகிறது. இவ்விடத்தில் பால்டிக்கும் மைகாலும் வெல்கின்றனர். ஆயினும் அதே கோட்டையில் மான்டோனி என்பவன் எமிலியை அடைத்துவைத்து, அவளுக்குரிய நிலங்களை எழுதித் தருமாறு வற்புறுத்துகிறான். இந்த அச்சம் பழங்காலத்தது அன்று. ராட்கிளிப் காலத்துப் பெண்கள் சொத்துரிமையில் பட்ட துன்பத்தின் நிழல் அது. இவ்விடத்தில் மோயர்ஸ் வெல்கிறார். ஒரே நூலில் இரண்டும் உள்ளன. ஒன்றை மட்டும் கண்டவர் நூலின் பாதியையே படித்தவராவார்.

ஆகவே பழைய அறிஞரின் இகழ்ச்சிக்கும் புதிய அறிஞர் சிலரின் புகழ்ச்சிக்கும் வேர் ஒன்றே: நூலினும் தம் கருத்தைப் பெரிதாக மதித்தல். முன்னவர் நூலைத் திறவாமலே தள்ளினர். பின்னவர் திறக்குமுன்பே அதனுள் காணப்போவதை முடிவுசெய்துகொண்டனர். இடையில் நின்று, பழைய புத்தகக் கடைகளில் தூசு தட்டியவரின் பணியே இருசாரார்க்கும் நீதி வழங்கிற்று. சாட்லியர் திரட்டிய கோதிக் நூல்கள் இன்று அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உள்ளன. எந்தக் கொள்கை மாறினும், மாறாமல் சான்று கூறுவன அவையே.

இதில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு. கோதிக் மரபின் பின்தோன்றலாக, ஓநாய் மனிதன் கதையும் நகர மர்மக் கதைகளும் எழுதிய ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவி எழுதினார். அவற்றைத் தமிழர் வீடுதோறும் விரும்பிப் படித்தனர். திறனாய்வாளரோ தழுவல் என்றும் மலிவு என்றும் ஒதுக்கினர். மலிவா அன்றா என்பதை நூலைப் படித்தவரே கூறல் வேண்டும். படிப்பதற்கு நூல் இருத்தல் வேண்டும். எனவே முதலில் காத்தல், பின்னர்க் கற்றல், அதன் பின்னரே தீர்ப்பு. இவ்வரிசை மாறினால், நம் பாட்டன்மார் படித்த நூல்களையும் யாரோ புனைந்த பெயர்கள் என்று பேரர்கள் எண்ணும் நாள் வந்தே தீரும்.