காயலான் கடைக்குப் போகும் நல்ல கணினிகள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2017க்கு முன் வாங்கிய அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தோற்றுவிடுகின்றன. அவை பழுதாகவில்லை, மென்பொருள் அவற்றைக் கைவிட்டது, அவ்வளவே.

கணக்குப் பிரிவும் இதற்குத் துணைபோகிறது. இந்தியக் கம்பெனிகள் சட்டம், 2013 மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் மூன்று ஆண்டுப் பயன்பாட்டு ஆயுள் குறிக்கிறது. இது தேய்மானம் கணக்கிடுவதற்கான அளவு மட்டுமே. ஆனால் பல அலுவலகங்களில் ஏட்டில் மதிப்பு தீர்ந்ததும் இயந்திரமே தீர்ந்துவிட்டதாகக் கருதி, எடை போட்டு விற்றுவிடுகிறார்கள்.

இதனால் இழப்பது என்ன? ஒரு மேசைக் கணினியையும் பழைய குழாய்த் திரையையும் தயாரிக்கக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருளும், 1,500 கிலோ நீரும் செலவானதாக ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு 2004இல் கணக்கிட்டது. மறுசுழற்சி செய்தால் கொஞ்சம் செம்பும் தங்கமும் திரும்பக் கிடைக்கும். செலவான நீரும் எரிபொருளும் திரும்பா. அந்த மறுசுழற்சியும் முறையாக நடப்பதில்லை. 2022இல் உலகில் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் 22.3 விழுக்காடு மட்டுமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது. மீதியில் ஒரு பங்கு தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில், கையுறைகூட இல்லாத தொழிலாளர்களிடம் போய்ச் சேர்கிறது.

மாற்றுவழி எளியது. வன்தட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஆகியவை இருந்தால், பத்தாண்டுப் பழைய கணினியிலும் தட்டச்சு, விரிதாள், இணையம், நிரலாக்கப் பயிற்சி அனைத்தும் தடையின்றி நடக்கும். வன்தட்டே இல்லாத கணினிகளையும் எல்டிஎஸ்பி மென்பொருளால் ஒரே சேவையகத்திலிருந்து இயக்கி, பள்ளி ஆய்வகம் அமைக்கலாம். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற இயங்குதளத்தில்தான் கணினிக் கல்வி நடத்துகின்றன.

‘தரவு கசிந்துவிடும்’ என்பது அலுவலகங்கள் சொல்லும் முதல் காரணம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தரவு வட்டில்தான் இருக்கிறது. திரையிலும் விசைப்பலகையிலும் இல்லை. வட்டை முறையாக அழிக்கலாம். அதிலும் நம்பிக்கை இல்லையென்றால் வட்டை மட்டும் கழற்றி நொறுக்கலாம்.

மறுபயன்பாட்டின் பெயரால் நடக்கும் தவறையும் சொல்ல வேண்டும். ஓடாத கணினிகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது நன்கொடை ஆகாது. கழிவை இடம் மாற்றுவதுதான். மின்சாரத்தை விழுங்கும் பென்டியம் 4 காலத்துப் பெட்டிகளை மறுசுழற்சிக்கு அனுப்புவதே சரி. சோதித்து, இயங்குதளம் நிறுவி, பழுதுபார்க்க ஆள் காட்டிக் கொடுப்பதுதான் உண்மையான கொடை.

இந்தியாவின் மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 பெருநுகர்வோரின் மின்கழிவு பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே சேர வேண்டும் என்கின்றன. புதுப்பிப்பாளருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அலுவலக நடைமுறையில்தான் இல்லை. கழிவுசெய்யும் படிவத்தில் ‘இயங்குகிறதா, வேறெங்கு பயன்படும்?’ என்றொரு கட்டாயக் கேள்வியைச் சேர்த்தால், ஏலத்துக்குப் போகும் பல கணினிகள் வகுப்பறைக்குப் போகும்.