தோட்டத்துரையின் நாவல்

ஹென்றி ஃபோக்கோனியே எழுதிய 'மலேசி' என்னும் பிரெஞ்சு நாவல் 1930இல் கொங்கூர்ப் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் அதனை 'மலாயாவின் ஆன்மா' என்றனர். 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை (நம்மவர் முள்ளுத்தேங்காய் என்பர்) வணிகப் பயிராக்கிய துரையும் இவரே.

காட்டின் மணத்தையும் மலாய்ப் பாட்டின் நயத்தையும் அவர் தீட்டும் திறனை மறுப்பதற்கில்லை. ஸ்மைல் என்னும் மலாய் ஏவலாளன் வெறிகொண்டெழும் பகுதி வாசகனை உலுக்கிவிடுகிறது. ஆயினும் ஆன்மாவைத் தேடிப் புறப்பட்டவர் கிராமத்திலும் காட்டிலும் தேடினாரேயன்றி லயத்தினுள் நுழைந்து தேடினாரில்லை. தமிழ்த் தொழிலாளர் கதையில் வருகின்றனர், நிலக்காட்சியின் ஓர் உறுப்பாக. அவர்தம் கூலியும் கடனும் கதைப்பொருளாகவில்லை.

கடன் என்றதும் நமக்குத் 'துண்டு' நினைவுக்கு வரும். கங்காணியின் கடன்சீட்டுக் கைமாறத் தொழிலாளியும் கைமாறினான். இலங்கையில் 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. செம்பனைக் காட்டிலோ துண்டு வேறு வடிவில் நீடித்தது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருவோர் ஆள்பிடிப்போருக்குப் பணங்கட்டிக் கடனாளிகளாகவே தோட்டத்தை அடைந்தனர். கடவுச்சீட்டுப் பறிப்பு, கூலி நிறுத்தம், கடன்தளை முதலிய கட்டாய உழைப்பின் அறிகுறிகள் காணப்பட்டதாகக் கூறி எப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய மலேசியக் கம்பனிகளின் எண்ணெயை 2020இல் அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. இவ்விரண்டும் 'நிலைபேறான' எண்ணெய்க்கு முத்திரை வழங்கும் வட்டமேசையில் உறுப்பினர் என்பதையும் இங்கு குறித்தல் வேண்டும். சைம் டார்பி அக்கட்டணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுத்தது. அதன் மீதான தடை 2023இல் நீங்கிற்று.

அக்கணக்கைத் துரை அறியாதவரல்லர். மாதந்தோறும் கூலிப் பேரேட்டில் ஒப்பமிட்ட கைதான் இந்நாவலையும் எழுதியது.