நாலு கம்பி, ஒரு விரல்

டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் பாடிய 'மை கேர்ள்' 1964-ல் வெளியானது. இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. முதல் சில நொடிகளுக்கு ஒரு பேஸ் கிடார் மட்டும், நெஞ்சுத் துடிப்பு மாதிரி. அப்புறம் இன்னொரு கிடார் படியேறி வருகிறது. அப்புறம்தான் குரல். அந்தத் துடிப்பை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அந்த இசைத்தட்டில் அவர் பெயரைத் தேடாதீர்கள். இருக்காது.

செல்போன் ஏன் வேண்டாம் என்பதற்குக் கொஞ்சம் பௌதிகம். பேஸ் கிடாரின் நாலு கம்பிகளும் சாதா கிடாரை விட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. எல்லாவற்றிலும் தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. நகக்கண் அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. மேலே ஒட்டிக்கொண்டு வரும் கிளை ஒலிகளை வைத்து, கீழே இன்னது இருந்திருக்கும் என்று மூளையே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே பேஸ் வாசிக்கிற ஆசாமி இருப்பது நமக்குத் தெரிவதில்லை. அவர் நிறுத்திவிட்டால் மட்டும் 'என்னமோ குறையுதே' என்போம். எல்லார் வீட்டிலும் இப்படி ஒருத்தர் உண்டு.

இந்த வாத்தியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அதுவரை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். ஊர் ஊராகத் தூக்கிப் போவதற்குள் தாவு தீர்ந்துவிடும். மேடையில் மற்ற சத்தத்துக்கு நடுவே கேட்கவும் கேட்காது. ஃபெண்டர் 1951-ல் அதைத் தோளில் மாட்டும்படி சுருக்கி, மின்சாரம் ஏற்றி, விரல் எங்கே வைப்பது என்ற சந்தேகம் வராதபடி கட்டைகள் பதித்துக் கொடுத்தார். சுருதி பிசகாது என்பதால் 'ப்ரிசிஷன் பேஸ்' என்று பெயர்.

ஜேமர்சனிடம் இருந்தது 1962 மாடல். டெட்ராய்ட் நகரில் மோட்டௌன் கம்பெனியின் ஒலிப்பதிவுக்கூடம் ஒரு சாதாரண வீடு. கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். வாத்தியக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பாம்புக்குழி. அங்கே உட்கார்ந்து, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் வாசித்தார். கம்பிகள் தடியானவை, அழுத்தினால் விரல் கடுக்கும் உயரத்தில் கட்டியவை. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பழைய கம்பியின் அழுக்கில்தான் ஜீவன் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதை வைத்துக்கொண்டு 1960-களில் அமெரிக்க ரேடியோவையே நிரப்பினார்.

இப்போது பேஸ் பிரியர்கள் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பேச்சு எதைப் பற்றி? கட்டை எந்த மரம், பிக்கப் எந்த வருஷம், கம்பி எந்த கம்பெனி. ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். வாங்கிய 1965-க்கு முந்தியதா, பிந்தியதா என்று ஜாதகம் பார்க்கிறார்கள். முந்தியதென்றால் விலை எங்கேயோ போய்விடும். பி.காம். வகுப்பில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்த இயந்திரமும் வருஷாவருஷம் மதிப்பிழக்கும், அதைக் கணக்கில் கழிக்க வேண்டும். பெயின்ட் உரிய உரிய விலை ஏறும் சொத்தைப் பற்றி வாத்தியார் சொல்லித் தரவில்லை. 1995-லிருந்து ஃபெண்டர் கம்பெனியே புதுக் கிடாரைச் சுரண்டி, துருப்பிடிக்க வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறது. கிழிந்த ஜீன்ஸை வாங்குகிறவர்கள் இருக்கும்போது இதில் தப்பில்லைதான். ஆனால் கீறல் யாருடையது? முப்பது வருஷம் மேடையேறி வாங்க வேண்டிய கீறல், கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: சந்தை மரத்துக்கு விலை போடுகிறது, விரலுக்குக் கூலி கொடுத்து அன்றைக்கே கணக்கை முடித்துவிடுகிறது.

சட்டப்படி ஒரு பாட்டு என்றால் மெட்டும் வரிகளும். அவற்றை எழுதினவருக்கு ராயல்டி. பேஸ் வாசித்தவருக்குக் கூலி. ஆனால் பாம்புக்குழியில் ஜேமர்சன் கையில் பல நாள் கொடுக்கப்பட்டது கார்டுகள் குறித்த ஒரு தாள்தான். அதற்குள் என்ன ஓடவேண்டும் என்பதை அவரே அங்கேயே கட்டினார். 1967-ல் வந்த 'எய்ன்ட் நோ மௌன்ட்டன் ஹை இனஃப்' கேளுங்கள். பாடுகிறவர்களுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பாட்டு ஓடுகிறது. அதை அவர் 'வாசித்தார்' என்பதா, 'எழுதினார்' என்பதா? பெரிய கேள்வி. மோட்டௌனின் கணக்குப் புத்தகத்தில் கேள்வியே இல்லை. மார்வின் கயேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில், 1971-ல்தான், உறையில் வாத்தியக்காரர்கள் பெயரை அச்சடித்தார்கள். அடுத்த வருஷம் கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபோய்விட்டது.

இந்த அநியாயத்தை வெளியே கொண்டுவந்தது ஆலன் ஸ்லட்ஸ்கியின் 'ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டௌன்' என்ற 1989 புத்தகம். அதை வைத்து அதே பெயரில் 2002-ல் ஒரு ஆவணப்படமும் வந்தது. இரண்டில் எது உசத்தி என்றால், யோசிக்காமல் புத்தகம் என்பேன். படத்தில் நல்ல மனசு இருக்கிறது. மிச்சமிருந்த கிழவர்களை மேடையேற்றி, பிரபலங்களைப் பாட வைத்து, அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. நமக்கும் கண் கலங்குகிறது. ஆனால் 'பெயர் போடாமல் விட்டது யார் முடிவு, யாருக்கு லாபம்?' என்று அழுத்திக் கேட்க வேண்டிய இடத்தில் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. புத்தகம் அப்படி நழுவவில்லை. ஜேமர்சன் வாசித்ததை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைக்கிறது. கூடவே ஒலிப்பதிவும் உண்டு. நாடறிந்த பேஸ்காரர்கள் வாசித்துக் காட்டுகிறார்கள். ஸ்வரம் பிசகவில்லை, ஆனாலும் என் காதுக்கு ஒரு அரிசி குறைகிறது. அந்த அரிசி எந்தக் கடையிலும் விற்பதில்லை.

நம்ம ஊரிலும் கேசட் அட்டையில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயரோடு கதை முடிந்துவிடும். 'நினைவெல்லாம் நித்யா'வின் 'பனிவிழும் மலர்வனம்' பாட்டில் பல்லவியையும் சரணத்தையும் விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அங்கே ஒரு தனி மெட்டு நடந்துபோகிறது. இளையராஜா அதையும் நோட்டில் எழுதியே கொடுப்பவர் என்பதால் உரிமைச் சண்டைக்கு இடமில்லை. ஆனால் அவர் குழுவில் வருஷக்கணக்காக பேஸ் வாசித்த சசிதரனை எத்தனை ரசிகருக்குத் தெரியும்? ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிட ஆரம்பித்த பிறகுதான் கீத் பீட்டர்ஸ் போன்றவர்கள் நமக்கு ஆளாகத் தெரிந்தார்கள். ஒரு வரி அச்சுக்கு என்ன செலவு சார்?

பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் முப்பது பவுண்டுக்கு ஒரு ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். ஃபெண்டர் வாங்கக் காசில்லை. அது 1972-ல் திருடு போய், ஐம்பது வருஷம் கழித்துக் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் அது உலகச் செய்தி. ஜேமர்சனின் ஃபெண்டரும் திருடுதான் போனது, அவர் சாவதற்குக் கொஞ்சம் முன்னால். 1983-ல் மோட்டௌன் தன் 25 வருஷக் கொண்டாட்டத்தைத் தொலைக்காட்சிக்காக நடத்தியபோது அவருக்கு மேடையில் இடமில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆகஸ்டில் இறந்தார். வயது 47.

பேஸ் கிடார் வாங்கப் போகிற தம்பி, தங்கச்சிகளுக்கு மூன்று வார்த்தை. கழுத்து நேராக இருக்கிறதா பாருங்கள், மரத்தின் ஜாதி அப்புறம். சாதா கிடாரின் ஆம்ப்ளிஃபயரில் சொருகி சத்தத்தைக் கூட்டாதீர்கள், ஸ்பீக்கர் கிழியும். மிச்சப் பணத்தில் ஒரு வாத்தியாரைப் பிடியுங்கள்.

வாங்காத மற்றவர்களுக்கு ஒரே வேலை. அடுத்த பாட்டு பிடித்துப்போனால், கீழே வாசித்தது யார் என்று ஒரு நிமிஷம் செலவழித்துத் தேடுங்கள். பெயர் கிடைத்தால், ஒருதரம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.