ஸத்தா விசாரமும் அந்திம ஸ்ம்ருதியும்

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927-இல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ என்னும் நூல், ‘உளது’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று விசாரிக்கப் புகுந்தது. திட்டமிட்ட ஆறு பிரிவுகளுள் இரண்டே வெளிவந்தன. நம் நாட்டில் காசி ஹிந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. எல். மேத்தா, 1967-இல் அவருடைய தத்துவத்தைப் பற்றி விரிவான நூலொன்றை இயற்றினார்.

ஹைடெக்கர் கூறும் இருத்தல், அத்வைதிகளின் ஸந்மாத்ரமே என்று ஒப்பிடுவாருண்டு. அது பொருந்தாது. குடம் உளது, ஆடை உளது என்னுமிடங்களில் தொடர்ந்து வரும் ஸத்து ஒன்றே பரமார்த்தம், வேறுபாடுகள் அனைத்தும் மித்யை என்பது ஸ்ரீபாஷ்யத்து மஹாபூர்வபக்ஷம். ஹைடெக்கரோ, இருத்தல் உள்பொருள்களுள் ஒன்றன்று என்றாலும், எப்போதும் உள்பொருளின் இருத்தலே என்கிறார். உலகை மித்யை என்னவில்லை. ஆகவே, நிர்விசேஷ வஸ்துவுக்குப் பிரமாணமில்லை என்ற எம்பெருமானாரின் கண்டனத்தை அப்படியே இந்நூலின்மேல் ஏற்றுதல் முறையன்று.

பின் விரோதம் எங்கே என்னில், ஆத்மஸ்வரூபத்தில். மனித இருப்பு ஒவ்வொன்றும் ‘என்னுடையது’ என்பது இந்நூலின் அடிப்படை. பிறரோடு கூடி வாழ்தலை ஒப்புக்கொண்டும், மரணத்தில் ஒருவனுக்காக மற்றொருவன் நிற்க இயலாது; அதனைத் தனதாக ஏற்பவனே தன்னைப் பெறுகிறான் என்கிறது. நம் ஸித்தாந்தத்திலோ ஆத்மா ‘தன்னுடையது’ அன்று, சேஷிக்கே உரியது. மரணத்திலும் இவ்வுறவு அறுவதில்லை. நல்ல நிலையில் தன்னை நினைத்தவன் கட்டையும் கல்லும் போல் கிடக்குங்காலத்தில், அவனைத் தானே நினைத்துப் பரமகதி சேர்ப்பதாக அருளிச்செய்தது வராஹ சரமச்லோகம். மாடம்பாக்கம், தாம்பரம் பகுதியினர் திருவிடவெந்தையில் ஸேவிப்பது அந்த வராஹப் பெருமாளையே. அந்திம ஸ்ம்ருதியின் பாரத்தை அவனே ஏற்றபின், மரணத்தில் ஆத்மா தனித்து நிற்கிறது என்னும் கொள்கைக்கு இடமில்லை.

இனி, நூலாசிரியரைப் பற்றிய சர்ச்சை. 1933-இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத் தலைமைப் பொறுப்பேற்ற ஹைடெக்கர், அவ்வாண்டே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். தம் ஆசிரியரும் யூத மரபினருமான ஹுஸ்ஸெர்லுக்கு இந்நூலை ஸமர்ப்பித்திருந்த பக்கம் 1941-ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. இதனால் நூலையே தள்ள வேண்டுமோ என்னில், நடத்தையைக் காட்டி யுக்தியை மறுத்தல் வாதநெறியன்று. பிறர் மதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுத்தார் பாஷ்யகாரர். ஆனால், ஞானத்தோடு அநுஷ்டானமும் உடையவரையே குருவாகக் கொள்ள வேண்டுமென்று உபதேசரத்தினமாலையில் விதித்தார் மணவாள மாமுனிகள். ஆகவே இந்நூல் பூர்வபக்ஷமாகக் கற்கத்தக்கது; இதை இயற்றியவரை ஆசார்ய ஸ்தானத்தில் வைத்துக் கற்றல் தகாது.