60 எப்படி 66.66 ஆனது?

அக்கா மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். சிபிஎஸ்இ. இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷன் போடும்போது போன் பண்ணினாள். "மாமா, நாங்க வேற போர்டுங்கிறதால எங்க மார்க்கை ஏதோ மாத்துவாங்களாமே, கூடுமா குறையுமா?" கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தையே எடுத்துப் படித்தேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. என் காலத்தில் பிளஸ் டூ மார்க் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, ஆக மொத்தம் 300. பரீட்சை முடிந்த மறுநாளே கோச்சிங் கிளாஸ் ஓடின தலைமுறை நாங்கள். எங்கள் ஊரில் கிளாஸ் கிடையாது, பஸ் பிடித்து டவுனுக்குப் போகணும். போக முடியாத பையன்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தத் தேர்வு ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்து, 2006ல் சட்டம் நிறைவேறி, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டுமே என்று ஆனது. மருத்துவத்துக்கு 2017ல் நீட் வந்து அந்தக் கதை வேறு பக்கம் போய்விட்டது. இஞ்சினியரிங்குக்கு இன்றும் இந்தச் சட்டம்தான்.

நுழைவுத் தேர்வு இருந்தவரைக்கும் எந்த போர்டில் படித்தாலும் எல்லாரும் எழுதிய ஒரு பொதுவான தாள் இருந்தது. அதை எடுத்ததும் ஒரு ஓட்டை விழுந்தது. ஸ்டேட் போர்டு மார்க்கையும் சிபிஎஸ்இ மார்க்கையும் ஒரே வரிசையில் எப்படி வைப்பது? இதற்குச் சட்டமே ஒரு வழி சொல்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் அந்தந்த போர்டின் முதல் மார்க்கை, ஸ்டேட் போர்டின் முதல் மார்க்குக்குச் சமமாக வைக்கணும். சட்டத்தில் இருக்கும் உதாரணமே இதுதான்: ஸ்டேட் போர்டில் பிசிக்ஸ் முதல் மார்க் 100, இன்னொரு போர்டில் 90 என்றால் இரண்டும் 100. அந்த போர்டில் 60 வாங்கியவருக்கு 66.66.

படித்ததும் நான் சிரித்துவிட்டேன். லட்சக்கணக்கான பேர் எழுதிய தேர்வுகளை ஒப்பிட, ஒரு பக்கம் ஒரே ஒரு மாணவர், மறுபக்கம் ஒரே ஒரு மாணவர். நடுவில் இருக்கும் அத்தனை பேரின் தலையெழுத்தும் இந்த இரண்டு பேர் வாங்கிய மார்க்கில். ஆபீஸில் சர்வர் வேகத்தை ஒப்பிடும்போது, ஒரு நாளில் வந்த ஒரே ஒரு அதிகபட்ச எண்ணை மட்டும் காட்டி எவனாவது ரிப்போர்ட் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். இருக்கிறதிலேயே நம்பக்கூடாத எண் அதுதான்.

சரி, நடைமுறையில் என்ன ஆகிறது? ஸ்டேட் போர்டில் கணிதத்தில் பல வருஷங்களில் ஆயிரக்கணக்கில் சென்டம். சிபிஎஸ்இ நாடு முழுக்க எழுதும் தேர்வு, அங்கேயும் யாராவது 100 வாங்கிவிடுகிறார்கள். 100ஐ 100ஆல் வகுத்தால் 1. எந்த மார்க்கை ஒன்றால் பெருக்கினாலும் அதே மார்க். அதாவது நார்மலைசேஷன் என்று பெயர், வேலை பூஜ்யம். ஒரு போர்டில் சராசரி 75ஆகவும் இன்னொன்றில் 60ஆகவும் இருக்கட்டும். இரண்டிலும் முதல் மார்க் 100 என்றால் இந்தச் சூத்திரத்துக்கு வித்தியாசமே கண்ணில் படாது. சரிசெய்யத்தானே சூத்திரம்? எங்கே சரிசெய்யணுமோ அங்கே அது தூங்குகிறது.

எங்கே முழித்துக்கொள்கிறது என்பதுதான் வேடிக்கை. சின்ன போர்டுகளில். ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போட்டுப் பார்த்தேன். இரண்டு கற்பனை போர்டுகள். இரண்டிலும் ஒரே தரத்தில் பிள்ளைகள், ஒரே தாள்: சராசரி 50, திட்டவிலக்கம் 10. ஒன்றில் 5 லட்சம் பேர், இன்னொன்றில் 500 பேர். கூட்டம் பெரிதானால் அதிலே ஒரு அதிசயப் பிள்ளை இருக்க வாய்ப்பும் கூடும், அவ்வளவுதான் சங்கதி. பெரிய போர்டில் முதல் மார்க் 97 பக்கம் வருகிறது, சின்னதில் 80 பக்கம். இப்போது சூத்திரத்தை ஓட்டினால் சின்ன போர்டில் 60 வாங்கிய பையனுக்கு 72.75. அதே தாளில், அதே திறமையில், பெரிய போர்டில் 60 வாங்கியவனுக்கு 60தான். கிட்டத்தட்ட 13 மார்க் வித்தியாசம், எந்தக் காரணமும் இல்லாமல், போர்டில் ஆள் குறைவு என்பதற்காக மட்டும். கட்-ஆஃபில் அரை மார்க்குக்கு ஒரு காலேஜே மாறிப்போகிற ஊரில் இது.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்பு 1200 மார்க் முறையில் கணிதத்தைப் பாதியாக்கி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டையும் காலாக்கி 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அப்போது படி 0.25. 600 மார்க் முறை வந்ததும் கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி. படி 0.5. வரிசையில் நிற்க இடம் பாதியாகிவிட்டது, ஆட்கள் அதே அளவு. ஆகவே ஒரே கட்-ஆஃபில் கூட்டம். அதைப் பிரிக்க கணித மார்க், பிசிக்ஸ் மார்க், பிறந்த தேதி என்று போய் கடைசியில் ரேண்டம் எண். இந்தக் கூட்டத்துக்கு நடுவே வேற்று போர்டு முதல் மார்க் 99 ஆக இருந்துவிட்டால் அங்கே 95 வாங்கினவருக்கு 95.96 ஆகிவிடும். இந்தப் பின்னத்தை வைத்துக்கொண்டு ஒரு படி முழுவதையும் தாண்டிப் போய்விடலாம். ஸ்டேட் போர்டு பிள்ளைக்கு அந்தப் பின்னம் கிடைக்க வழியே இல்லை.

போர்டுகள் தரும் மார்க்கே எவ்வளவு சுத்தம் என்பது வேறு கேள்வி. 2013ல் கார்னெலில் படித்துக்கொண்டிருந்த ஒரு இந்திய மாணவர் ஐசிஎஸ்இ ரிசல்ட்டுகளை ஸ்கிரிப்ட் போட்டு அள்ளி வரைபடம் போட்டார். 81, 85, 89, 91, 93 போன்ற மார்க்குகளை ஒருத்தர்கூட வாங்கவில்லை! அத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தருக்கும் 85 வராதாம். யாரோ பின்னால் இருந்து மார்க்கைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்படித் தள்ளி வைத்த எண்ணைத்தான் நாம் இரண்டு தசம இடம் வரைக்கும் துல்லியமாக மாற்றுகிறோம். 2021 கொரோனா வருஷம் இன்னும் மோசம். இங்கே பத்தாம் வகுப்பு 50 சதவீதம், பதினொன்று 20, பன்னிரண்டு 30 என்று கணக்கு. சிபிஎஸ்இயில் 30, 30, 40. யாரும் எழுதாத இரண்டு தேர்வுகளை ஒப்பிட்டோம்.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 2013 முதல் 2016 வரை ஜேஇஇ மெயின் தரவரிசையில் 40 சதவீதம் போர்டு மார்க்குக்குக் கொடுத்தார்கள். அங்கே முதல் மார்க்கை வைத்து ஒப்பிடவில்லை. உன் போர்டில் உனக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்ற பர்சென்டைலை எடுத்து, அதை ஜேஇஇ மார்க்கோடு பொருத்தினார்கள். எல்லாரும் எழுதிய பொதுத் தாள் ஒன்று கையில் இருந்ததால் அதையே அளவுகோலாக வைக்க முடிந்தது. எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒரு பெற்றோரைக்கூட நான் பார்த்ததில்லை. 2017ல் அதை எடுத்தேவிட்டார்கள்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி. சராசரி, திட்டவிலக்கம் இரண்டையும் பார்ப்பதால் நம் முறையைவிட எவ்வளவோ மேல். ஆனால் 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரர்களையும் புதியவர்களையும் ஒன்றாகக் கலந்து கணக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், தனித்தனியாகப் போடச் சொல்லி 2012ல் உத்தரவு வந்தது. அங்கே தரப்படுத்தல் என்ற சொல்லுக்கே 1970களின் காயம் உண்டு என்பதால் சூத்திரத்தை ஊரே கூர்ந்து பார்க்கிறது. இங்கே யாரும் பார்ப்பதில்லை, ஸ்டேட் போர்டு பிள்ளைகளின் மார்க் இதனால் மாறுவதில்லையே. அவர்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர் யார் என்பது மாறுகிறது என்று சொன்னால் "அப்படியா?" என்கிறார்கள்.

பர்சென்டைலும் குறையில்லாதது இல்லை. எல்லா போர்டிலும் ஒரே தரத்தில் பிள்ளைகள் என்று அது எடுத்துக்கொள்கிறது. கிராமத்துப் பள்ளி முதல் எல்லாரும் எழுதும் ஸ்டேட் போர்டையும், பீஸ் கட்ட முடிந்தவர்கள் அதிகம் படிக்கும் போர்டையும் அப்படி எடுத்துக்கொள்ளலாமா என்று சண்டை போடலாம். போடணும். ஆனால் அது போடத் தகுந்த சண்டை. முதல் மார்க் சூத்திரத்தில் சண்டை போடக்கூட ஒன்றும் இல்லை.

அக்கா மகளுக்கு மறுநாள் போன் பண்ணி, உன் பாடங்களில் யாராவது 100 வாங்கியிருந்தால் உன் மார்க் அப்படியேதான் இருக்கும் என்றேன். "யாரு வாங்கினாங்கன்னு எங்க மாமா பார்க்கிறது?" என்றாள். வருஷா வருஷம் எந்த போர்டுக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்த முதல் மார்க்கை எடுத்தார்கள் என்று ரேங்க் லிஸ்ட்டோடு ஒரே ஒரு பக்கம் சேர்த்துப் போட்டால் போதும், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கூடவே போர்டு வாரியாக எத்தனை பேர் எந்த மார்க் வாங்கினார்கள் என்ற அட்டவணையும் இருந்தால், மேலே சொன்ன கற்பனை போர்டுகளை எடுத்துவிட்டு நிஜ எண்களை வைத்தே ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிடலாம். எழுதி வைத்திருக்கிறேன், 40 வரிதான்.