எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும் நட்சத்திரம்

புகைப்படங்களையும் குறிப்புகளையும் ஆல்பத்தில் ஒட்டி ஸ்கிராப்புக் செய்கிறவர்களின் பெட்டியில் நட்சத்திரமும் இதயமும் வண்ணத்துப்பூச்சியும் குட்டித் தோரணமும் தவறாமல் இருக்கும். பிறந்தநாள், கல்யாணம், பட்டமளிப்பு, சுற்றுலா என எந்தப் பக்கத்திலும் ஒட்டலாம் என்பதுதான் இவற்றுக்கு இருக்கும் கிராக்கிக்குக் காரணம். இந்தப் பொது உருக்களை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவற்றை மட்டுமே நம்பி ஆல்பத்தை நிரப்புவதும் சரியென்று படவில்லை.

ஆல்பத்தின் வழக்கமான பக்கம் 12 அங்குலச் சதுரம். அதில் நான்கைந்து புகைப்படங்களை வைத்ததுமே, எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையத் தொடங்கும். ஒரே நட்சத்திரத்தை மூன்று அளவுகளில் வெட்டிக்கொள்ளுங்கள். பெரியதை முக்கியமான படத்தின் மூலையிலும், அடுத்ததைத் தலைப்பின் பக்கத்திலும், சிறியதைக் குறிப்பு எழுதிய இடத்திலும் ஒட்டுங்கள். மூன்றும் ஒரு முக்கோணமாக நின்று, பார்வையைப் படத்திலிருந்து தலைப்புக்கும் தலைப்பிலிருந்து எழுத்துக்கும் கூட்டிப்போகும். நட்சத்திரத்துக்கென்று சொந்தக் கதை எதுவும் கிடையாது; அதனால்தான் இந்த வேலையை அது இவ்வளவு நன்றாகச் செய்கிறது. அதே மூலையில் ஒரு யானையை ஒட்டினால் கண் யானையிலேயே நின்றுவிடும். சிக்கனமும் இருக்கிறது. உருவை வெட்டும் பஞ்ச் ஒன்று கையில் இருந்தால், மிஞ்சிப்போன காகிதத் துண்டிலிருந்தே வேண்டிய நிறத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

குறையும் இதே குணத்தில்தான் பிறக்கிறது. எங்கும் பொருந்துகிற உரு எவரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் அச்சகங்கள் ரோஜாக்களையும் தேவதைக் குழந்தைகளையும் பல வண்ணங்களில் கல்லச்சில் அடித்து, புடைப்பாக்கி, ஓரம் வெட்டி அனுப்பின. இங்கிலாந்து, அமெரிக்க வீடுகளின் ஆல்பங்கள் அவற்றால் நிரம்பின. அச்சு வேலை அற்புதமானது, சந்தேகமில்லை. ஆனால் பெயர் எழுதாத அப்படியொரு ஆல்பத்தைப் புரட்டும்போது அச்சகத்தின் ரசனைதான் தெரிகிறது. பார்த்துப் பார்த்து ஒட்டிய கை யாருடையது என்று தெரிவதில்லை. அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

இன்றைய ஸ்கிராப்புக் மோகத்தின் தொடக்கத்தில் அலங்காரம் முன்னால் நிற்கவில்லை. 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில், யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டென்சன் தம்பதியர் தங்கள் குடும்ப நினைவேடுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். மறுஆண்டே ஸ்பானிஷ் ஃபோர்க் ஊரில் நினைவேடுகளுக்கென்றே ஒரு கடை திறந்தார்கள். வம்ச வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அன்றைய நோக்கம். பின்னால் பெருகிய வணிகத்தில் ஸ்டிக்கரும் பஞ்சும் வாஷி டேப்பும் முன்னுக்கு வந்துவிட்டன.

இன்னொரு சேதத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமிலமில்லாத காகிதமா என்று கேட்டு வாங்குகிறவர்கள்கூட உருவின் தடிமனைப் பார்ப்பதில்லை. நுரை டேப் வைத்து உயர்த்தி ஒட்டிய இதயம், ஆல்பத்தை அலமாரியில் நெருக்கி அடுக்கியதும் எதிர்ப்பக்கத்துப் படத்தின் மேல் அழுந்தும். நாளடைவில் படத்தில் பள்ளம் விழும். மினுமினுப்புத் தூள் படத்தின் மேற்பரப்பைக் கீறும். உலோகப் பொத்தான் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். காக்கவேண்டிய படத்தையே கெடுக்கிற அலங்காரத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. தட்டையான காகித உருவே போதும்.

உரு பொதுவானதாக இருக்கலாம். அதைத் தேர்ந்த காரணம் படத்துக்குள் இருக்க வேண்டும். பாட்டி கோபுரக் கரை வைத்த பட்டுச் சேலையில் நிற்கிற படம் என்றால், பக்கத்தின் அடியில் அந்தக் கரையைப் போலவே அரக்கு நிறத்தில் சிறு முக்கோணங்களை வரிசையாக ஒட்டலாம். நட்சத்திரத்தைப் போலவே முக்கோணமும் எங்கும் பொருந்தும் உருதான். இந்தப் பக்கத்தில் அது பாட்டியின் சேலையிலிருந்து வருகிறது. நான் பார்த்தவரை, நன்றாக அமைந்த பக்கங்களில் உருக்கள் குறைவாகவும் எழுத்து தாராளமாகவும் இருக்கின்றன.

அடுத்த பக்கத்தைத் தொடங்கும்போது குறிப்புக்கான இடத்தை முதலில் ஒதுக்குங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மங்காத மையில் எழுதிவிட்டு, பிறகு பஞ்சைக் கையில் எடுங்கள்.