கழுகும் சிறுமியும் (ஒளிப்படம்) – திறனாய்வு

"கழுகும் சிறுமியும்" என்பது தென்னாப்பிரிக்க ஒளிப்படச் செய்தியாளர் கெவின் கார்ட்டர் (1960–1994), 1993 மார்ச்சில் சூடானின் தென்பகுதியில் எடுத்த படம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்து, 1994இல் புலிட்சர் பரிசு பெற்றது. எலும்பும் தோலுமாய் மண்ணில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு குழந்தை; பின்னால் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகு. படத்தில் வேறு எவரும் இல்லை.

வகுப்பறையில் இதைக் காணும் மாணவர் முதலில் கலங்குகிறார், அடுத்து, "எடுத்தவர் ஏன் காப்பாற்றவில்லை?" என்று சினம் கொள்கிறார். இரண்டும் இயல்பான உணர்வுகளே. அன்றைய நாளிதழ் வாசகர்களும் இதையே கேட்டனர். கழுகை விரட்டிவிட்டதாகக் கார்ட்டர் கூறினார்.

படத்தின் வலிமை அந்தத் தனிமையில் உள்ளது. குறையும் அதிலேயே உள்ளது. உணவு வழங்கும் மையம் ஒன்று அருகிலேயே இருந்தது. குழந்தையின் கையில் தெரியும் பட்டை, உதவி பெறுவோர் பட்டியலில் அது சேர்க்கப்பட்டதைக் காட்டுகிறது. அக்குழந்தை சிறுவன் என்பதும், அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக்கொண்டான் என்பதும் 2011இல் ஸ்பானிய நாளிதழ் ஒன்றின் வழியாகத் தெரியவந்தன.

பஞ்சத்தை வளர்த்த உள்நாட்டுப் போரும் படத்தில் இல்லை. அதனால் மாணவரின் கோபம், துப்பாக்கி ஏந்தியவர்களை விட்டுவிட்டு, கேமரா ஏந்தியவர்மேல் பாய்கிறது. குழந்தையின் பசிக்காகக் கண்ணீர் விடுவது நல்ல தொடக்கம். அந்தப் பசி எப்படி வந்தது என்று மாணவர் தேடத் தொடங்கும்போதுதான் இப்படம் பாடமாகிறது.